மம்மோகிராம் இல்லாத சின்ன கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை

தேனி மாவட்டக் கூடலூரில், குமுளி மலை ஏறுவதற்கு முன்னால், புதிதாக கிளினிக் திறந்திருக்கும் ஓர் இளம் மருத்துவர் கேட்டிருக்கிறார். ஒரே அறை, ஒரு சிஸ்டர், மருந்து எடுத்துக் கொடுக்க ஒரு பெண். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள். அவருடைய கேள்விகள் மூன்று. மம்மோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இல்லாமல் மார்பகப் புற்றுநோய்க்கு ஸ்கிரீனிங், அதாவது தொந்தரவு எதுவும் சொல்லாதவர்களிடமும் தேடிப் பார்ப்பது, செய்வதில் அர்த்தம் உண்டா? ஆண் மருத்துவரிடம் காட்டுவார்களா? அக்டோபர் மாதம் கேம்ப் போடலாமா?

தம்பி, அர்த்தம் உண்டு. ஆனால் அது நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. கையால் தொட்டுப் பார்ப்பது இதில் கால்வாசி வேலைதான். சந்தேகம் என்று நீங்கள் எழுதிக்கொடுத்த பெண், பயாப்ஸி (சதைத் துணுக்குச் சோதனை) ரிப்போர்ட்டோடு உங்கள் முன்னால் திரும்ப உட்காரும்வரை நடுவில் எங்கும் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம் முக்கால்வாசி. அதைப் பெரிய ஆஸ்பத்திரியால் செய்ய முடியாது. பேர் தெரிந்த, ஊர் தெரிந்த, வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்த உங்களால் முடியும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலேயே நல்ல கணக்கு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 2006-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 69 வயது வரை 1,15,652 பெண்கள். ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் சுற்றில் 50,366 பேரைப் பார்த்ததில் 2,880 பேருக்குச் சந்தேகம் என்று எழுதி மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த 2,880 பேரில் புற்றுநோய் 30 பேருக்கு. கைப்பரிசோதனையின் கண்டுபிடிக்கும் திறன் 51.7 சதவீதம் என்று வந்தது. அதாவது கைக்குச் சிக்கியது பாதி, தப்பியது கிட்டத்தட்ட பாதி. ஆனாலும் பரிசோதனை நடந்த பகுதிகளில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுகளில் 43.8 சதவீதம் இரண்டாம் நிலையின் முதல் பகுதிக்குள்ளேயே அகப்பட்டன. மற்ற பகுதிகளில் அது 25.4 சதவீதம்தான்.

இதை உங்கள் கிளினிக் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். ஒரு வருடத்தில் 500 பெண்களைப் பார்த்தால் சுமார் 30 பேரை மேல்பரிசோதனைக்கு அனுப்புவீர்கள். அந்த முப்பதில் புற்று ஒருவருக்கு இருக்கலாம், யாருக்குமே இல்லாமலும் இருக்கலாம். இல்லாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். முதல் வருடம் ஒன்றும் அகப்படவில்லை என்று சோர்ந்து நிறுத்திவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். அதே நேரம், அந்த முப்பது பேரும் தேனிக்குப் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, வீட்டில் பயந்து அழுதுவிட்டுத்தான் போவார்கள். அந்தச் செலவும் நம் கணக்கில்தான் வரும்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நீண்டது. 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள். பரிசோதனைக் குழுவில் இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை. 20 ஆண்டுத் தொடர் கவனிப்புக்குப் பிறகு 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். 50 வயதும் அதற்கு மேலும் இருந்த பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை. இதிலும் கை வைத்துப் பார்த்தது டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. உங்கள் சிஸ்டர் செய்யட்டும். அவருக்குச் சந்தேகம் வந்தால் மட்டும் நீங்கள் பாருங்கள், அதுவும் சிஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது. 'சிஸ்டர் ஒரு இடத்துல கட்டி மாதிரி இருக்குன்னு சொல்றாங்கம்மா, நானும் ஒருதடவை பார்த்துக்கட்டுமா?' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். சிஸ்டர் சொன்னதை நம்பியே ஸ்கேனுக்கு எழுதிக்கொடுங்கள்.

அரசுத் திட்டமும் இதே வழிதான். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த வழிகாட்டலில் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை என்று இருக்கிறது. எனக்குக் கேட்டால் 5 ஆண்டு நீண்ட இடைவெளி. நாற்பதைத் தாண்டியவர் வேறு எதற்காவது வரும்போது வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிடலாம். பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வருகிறவர்தானே, எங்கும் போய்விடப் போவதில்லை. 30-லிருந்து 39 வரை இருப்பவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கேட்டால் பாருங்கள், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் பாருங்கள்.

மம்மோகிராம் பற்றி. அமெரிக்காவில் 2024 வழிகாட்டல் 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் வசதி உள்ள நாடுகளுக்கே 50 முதல் 69 வரை என்பதில்தான் உறுதியாக நிற்கிறது. நம் பெண்களுக்கு மேலைநாட்டுப் பெண்களைவிட ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே இந்த நோய் வருகிறது என்பதால், அவர்கள் வயது வரம்பை அப்படியே எடுத்துவந்து ஒட்டவும் முடியாது. இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மம்மோகிராமில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். அதனால் என் பழக்கம் இது: ஐம்பது தாண்டியவர், வசதி உள்ளவர், ஒருநாள் தேனிக்கோ மதுரைக்கோ போக முடிந்தவர் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மம்மோகிராம் எடுக்கச் சொல்வேன். அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ இளவயதிலேயே மார்பகப் புற்று வந்திருந்தால் நானே முடிவு செய்யாமல் புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்புவேன். மற்றவர்களுக்குக் கைப்பரிசோதனை. கட்டி கைக்குத் தெரிந்துவிட்டால் அது ஸ்கிரீனிங் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. அப்போது வயதுக்கேற்ப அல்ட்ராசவுண்டோ மம்மோகிராமோ கட்டாயம்.

மாதாமாதம் கண்ணாடி முன் நின்று சுயபரிசோதனை செய்யச் சொல்லும் நோட்டீஸ்களை ஒட்டாதீர்கள். ஷாங்காயில் பஞ்சாலைப் பெண்கள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. முறையாகக் கற்றுக்கொடுத்தும் இறப்பு குறையவில்லை, தேவையில்லாத பயாப்ஸிதான் கூடியது. இங்கே தோட்ட வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கண்ணாடி முன்னால் நிற்க நேரம் எங்கே இருக்கிறது? குளிக்கும்போது சோப்புக் கையில் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால், காம்பு உள்ளே இழுத்தால், ஒரு பக்கக் காம்பிலிருந்து தானாக ரத்தம் கசிந்தால், தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாக ஆனால் அன்றைக்கே வாருங்கள் என்று சொன்னால் போதும். கூடவே இதையும் சொல்ல வேண்டும்: வலி இல்லை என்றால்தான் சீக்கிரம் வரவேண்டும். 'வலிக்கவே இல்லையே டாக்டர், அதான் விட்டுட்டேன்' என்பதுதான் தாமதமாக வருகிற பெண்கள் எல்லோரும் சொல்வது. வலிக்கிற மார்புக்கு ஓடி வருவார்கள். அது பெரும்பாலும் மாதவிலக்குக்கு முந்தைய வலியாக இருக்கும்.

சிஸ்டருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். இங்கே அவசரம் காட்டினால் மீதி எல்லாம் வீண். மாதவிலக்கு வருகிறவர் என்றால், அது முடிந்த வாரம் நல்ல நேரம். முதலில் உட்காரவைத்துக் கண்ணால் பார்ப்பது. கைகள் கீழே, பிறகு தலைக்கு மேல், பிறகு இடுப்பை இறுக்கிப் பிடித்து. கையைத் தூக்கும்போதோ இடுப்பை அழுத்தும்போதோ ஒரு இடத்தில் தோல் உள்ளே இழுத்தால் அது கைக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரியும். அப்புறம் அக்குள், காறை எலும்புக்கு மேலும் கீழும். அப்புறம் படுக்கவைத்து, பார்க்கிற பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், நுனியால் இல்லை, சின்னச் சின்ன வட்டமாக. ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம்: தோலுக்குக் கீழ், நடுவில், விலா எலும்பு தட்டுப்படும்வரை. அக்குள் பக்கத்திலிருந்து தொடங்கி மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், உழவுச் சால் மாதிரி விட்டுப்போகாமல் நடு நெஞ்செலும்பு வரை. மேல்பக்கம் காறை எலும்பு, கீழ்ப்பக்கம் மார்பு மடியும் கோடு, அதுதான் எல்லை. காம்புக்கு அடியிலும் பார்க்க வேண்டும். காம்பைப் பிழிய வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமாவது ஆகும். அரை நிமிடத்தில் முடிகிற பரிசோதனையை எழுதி வைப்பதைவிட, 'இன்றைக்குப் பார்க்கவில்லை' என்று எழுதுவது நேர்மை.

புற்றுகளில் பாதி அக்குளை ஒட்டிய மேல்புறக் கால்பகுதியில் வருகிறது. அங்கே விரல் இன்னும் மெதுவாகப் போகட்டும். ஏதாவது தெரிந்தால் 'இடது மார்பில் கட்டி' என்று எழுதி விடாதீர்கள். இடது, இரண்டு மணி திசை, காம்பிலிருந்து 4 சென்டிமீட்டர், ஸ்கேலை வைத்து அளந்தால் இரண்டுக்கு ஒன்றரை, நகர்கிறதா, தோலோடு ஒட்டியிருக்கிறதா, அக்குளில் நெறி உண்டா. இவ்வளவும் இருந்தால்தான் ஸ்கேன் செய்கிறவர் அதே இடத்தைத் தேடுவார். இல்லையென்றால் வேறோர் இடத்தில் ஒரு நீர்க்கட்டியைப் பார்த்துவிட்டு 'பயப்பட ஒன்றுமில்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார். நடக்கிற விஷயம்தான் சொல்கிறேன்.

இனி, நான் திரும்பத் திரும்பப் பார்த்த மூன்று வழித்தவறல்கள். ஒன்று, பால் கொடுக்கிற தாய்க்கு மார்பு சிவந்து வீங்கினால் ஆன்டிபயாடிக் கொடுப்பது சரி. ஒரு முழுச் சுற்று முடிந்தும் அடங்காவிட்டால் இரண்டாவது சுற்று கொடுக்காமல் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். அழற்சி வடிவில் வரும் புற்று இப்படித்தான் ஏமாற்றும். இரண்டு, கட்டியைப் பார்த்தவுடன் பக்கத்து ஊர் நர்ஸிங் ஹோமில் மரப்பு ஊசி போட்டு வெட்டி எடுத்துவிடுவது. எடுத்ததைச் சோதனைக்கும் அனுப்பாமல் பாட்டிலில் போட்டு வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டுக் கொட்டிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே தழும்பில் மறுபடி முளைத்துக்கொண்டு வரும்போது முன்னால் இருந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. கைப்பரிசோதனை, படம், ஊசியால் துணுக்கு எடுக்கும் கோர் பயாப்ஸி மூன்றும் முடிந்த பிறகுதான் கத்தி. மூன்று, காம்பில் ஒரு பக்கம் மட்டும் ஆறாத சொறி. தேமலுக்குப் போடும் களிம்பை மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் இருந்தால் தோல் நோயாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும், ஆறவில்லை என்றால் அனுப்புங்கள்.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும் என்ற பயம் இங்கே ஆழமாக இருக்கிறது. வாதாடிப் பயனில்லை. 'இது புற்றா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஊசி. எந்த மருந்து கேட்கும் என்பதும் இதில்தான் தெரியும்' என்று சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதான். ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 எல்லாம் அந்தத் துணுக்கில்தான் பார்க்கிறார்கள்.

இப்போது நோட்டு. கம்ப்யூட்டர் வேண்டாம், நாற்பது ரூபாய் நீள நோட்டு போதும். சிஸ்டரின் கையெழுத்தில், சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும். பேர், வயது, ஊர், இருக்கிற நம்பர், அந்த நம்பரை யார் எடுப்பார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பாதிப் பேருக்கு நம்பர் மகனுடையதாக இருக்கும். அவன் திருப்பூரில் இருப்பான். அவனிடம் 'அம்மாவுக்கு மார்புல கட்டி ரிப்போர்ட்' என்று சொன்னால் அன்றைக்கு இரவே வீட்டில் கலவரம். 'கிளினிக்லருந்து பேசுறோம், அம்மாவை ஒருதடவை வரச் சொல்லுங்க தம்பி' என்று மட்டும் சொல்ல சிஸ்டருக்குப் பழக்குங்கள். அடுத்த கட்டங்கள்: எங்கே அனுப்பினோம், எந்தத் தேதி, படம் வந்ததா, பயாப்ஸி வந்ததா, சிகிச்சை தொடங்கியதா. ஐந்தும் நிரம்பினால் அந்த வரியை அடித்துவிடலாம். ஒன்று காலியாக இருந்தாலும் அந்த வரி உயிரோடு இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், காலிக் கட்டங்களை மட்டும் பார்த்து போன் போடுவது.

படத்தின் ரிப்போர்ட்டில், எவ்வளவு சந்தேகம் என்று சொல்லும் பை-ராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் சரி. 3 என்றால் ஆறு மாதத்தில் மறுபடி படம். அந்தத் தேதியையும் நோட்டில் எழுத வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. 4, 5 என்றால் பயாப்ஸி. 0 என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை, பரிசோதனை முடியவில்லை, வேறு படம் வேண்டும் என்று அர்த்தம். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. படத்தில் ஒன்றுமில்லை, ஆனால் கைக்குக் கட்டி நன்றாகத் தெரிகிறது என்றால் கையை நம்புங்கள், பயாப்ஸிக்கு அனுப்புங்கள்.

2021-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று, முதலில் மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று முடிவாகிவிட வேண்டும் என்பது. எல்லையோரத்தில் அந்த அறுபது நாள் எங்கே கரைகிறது என்று உங்களுக்கே தெரியும். விடியுமுன் ஜீப். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மேலே ஏறி, வண்டன்மேடு, ஆனக்கரை தோட்டங்களில் இறங்கினால் திரும்ப வர மாலை ஆகிவிடும். உங்கள் கிளினிக் காலை பத்து மணிக்குத் திறந்தால் இவர்கள் யாரும் உங்களிடம் வரப் போவதில்லை. மாலை ஆறுக்கு மேலும் ஞாயிறு காலையும்தான் இவர்களுக்கான நேரம். அட்டைப் பூச்சிக்கும் குளிருக்கும் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார்கள், ஈரம் காய்ந்திருக்காது. 'நாளைக்குக் குளிச்சிட்டு வர்றேன் சிஸ்டர்' என்பார்கள். நாளைக்கு வரமாட்டார்கள். ஒரு துண்டும் கொஞ்சம் வெந்நீரும் உள்ளே வையுங்கள்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி: 'அடுத்த மாசம் எங்க இருப்பீங்க?' சிலர் தினமும் போய் வருகிறவர்கள். சிலர் காய் எடுப்பு முடியும்வரை தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் குடியிருப்பு) தங்கிவிடுவார்கள். கீழே வருகிறவருக்கு க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கு மேல் மதுரை ராஜாஜி மருத்துவமனை. மேலேயே இருப்பவருக்குக் கட்டப்பனையில் ஸ்கேன் எடுப்பது எளிது. பெரிய சிகிச்சை என்றால் கோட்டயம் மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமோ. ஆனால் எந்த மாநில அட்டை என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். இங்கே முதலமைச்சர் காப்பீடு, அங்கே காருண்யா திட்டம், இரண்டிலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் அட்டை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே சிகிச்சையைத் தொடங்கிவிடுவதுதான் அலைச்சல் குறைவு. பாதியில் மலை மாறினால் பயாப்ஸி ஸ்லைடையும், சதைத் துணுக்கைப் பதித்து வைத்த பாரஃபின் மெழுகுத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, மறுபடி பயாப்ஸி செய்வார்கள்.

ஒரே நாளில் படமும் பயாப்ஸியும் முடிகிற மாதிரி முன்கூட்டியே போன் செய்து ஏற்பாடு செய்ய முடிந்தால் ஒரு நாள் கூலி மிச்சம். ஒரு நாள் கூலி என்பது சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது தடவை வரச்சொன்னதால் மட்டுமே சிகிச்சையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லேப்காரர்கள் உங்களிடம் மாஸ்டர் செக்கப் பாக்கேஜோடு வருவார்கள், அதில் சிஏ 15-3 என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கும். நோய் உள்ளவரைத் தொடர்ந்து கவனிக்க அது உதவலாம், இல்லாதவரிடம் தேட உதவாது. வெப்பப் படம் எடுத்து வலியில்லாமல் கண்டுபிடிக்கிறோம் என்று வருகிறவர்களுக்கும் இதே பதில்தான், மம்மோகிராமுக்கு அது மாற்று இல்லை. சிஸ்டர் மார்பகம் பார்க்கிற அதே நேரத்தில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பது இதைவிட ஆயிரம் மடங்கு பிரயோஜனம். குளிருக்கு வெற்றிலை போயிலை போடுகிறவர்கள் நிறைய.

கடைசிக் கேள்வி, அக்டோபர் கேம்ப். ஊரெல்லாம் பிங்க் ரிப்பன் கட்டுகிற மாதம் அது, ஆனால் இங்கே காய் எடுப்பு மும்முரமாக நடக்கிற நேரம். உங்கள் பந்தலுக்கு வருகிறவர்கள் டீச்சர்களும் கடைக்காரர் வீட்டுப் பெண்களுமாக இருப்பார்கள். அவர்கள் எப்படியும் மதுரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்வார்கள். பொங்கல் கழித்து, காய் ஓய்கிற பிப்ரவரி, மார்ச்சில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை. பந்தலுக்கு முன்னால் ஸ்கேன் சென்டரில் பேசி அடுத்த இரண்டு வாரத்துக்கு எத்தனை பேருக்கு நேரம் ஒதுக்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 500 பேரில் சுமார் 30 பேரை அனுப்ப வேண்டிவரும் என்று முன்னால் பார்த்தோமே, அதனால் கொஞ்சம் இடம் விட்டு அந்த எண்ணைப் பதினைந்தால் பெருக்கினால் எத்தனை பேருக்கு டோக்கன் கொடுக்கலாம் என்று வரும். அதற்கு மேல் ஒரு டோக்கன்கூட வேண்டாம்.